ஓரெழுத்து வித்தியாசம்

இரண்டு மணிச் செய்திக்கு ஒன்பது நிமிடம் இருந்தபோது வானொலி நிலையத்தின் செய்தி அறையில் தொலைபேசி அடித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து நிருபர். மூச்சிரைக்க ஒரு பெயரைச் சொல்லி, "போயிட்டாருக்கா. மாரடைப்பு" என்றான். செய்தி ஆசிரியை வாய் திறப்பதற்குள் இணைப்பு அறுந்துபோனது. திரும்ப அழைத்தாள், கிடைக்கவில்லை.

அந்தப் பெயரைக் கேட்டால் ஊருக்கு நினைவு வருபவர்கள் இரண்டு பேர். ஒருவர் பாடகர், மற்றவர் அதே ஆஸ்பத்திரியின் இதய மருத்துவர். பாடகரின் பெயருக்கு நடுவில் 'ல', மருத்துவருக்கு 'ள'. நிருபரின் நாக்குக்கோ இரண்டும் ஒன்றுதான்.

"பாடகர்தான். ரொம்ப நாளா முடியாம இருந்தவராச்சே" என்றார் தலைமை ஆசிரியர். "எழுதும்மா. மத்தவங்க முந்திக்குவாங்க."

"வீட்டுக்கு ஒரு போன் போட்டுடறேன் சார்."

பாடகரின் மனைவி எடுத்தார்.

"ஐயா இருக்காங்களாம்மா?" கேட்ட பிறகுதான் அந்தக் கேள்வி அவளையே சுட்டது.

"செக்கப்புக்குப் போயிருக்காரு. என் தம்பி கூட்டிட்டுப் போயிருக்கான்."

அவள் பேனாவை எடுத்தாள். "தம்பி நம்பர் கொஞ்சம் சொல்றீங்களா?"

"எதுக்கும்மா?" குரல் மாறிவிட்டிருந்தது.

"ஐயாகிட்ட ஒரு விஷயம் கேக்கணும், அவ்வளவுதான்."

அந்த அம்மாள் எண்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். தம்பியின் போன் அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. மூன்றாம் முறைதான் எடுத்தார். பின்னால் ஒரே அழுகைச் சத்தம்.

"உங்க மாமா..." என்று இழுத்தாள்.

"பக்கத்துலதான் உக்காந்திருக்காரு. அவரைப் பாக்க வந்துட்டிருந்த ஹார்ட் டாக்டர் மாடிப்படியிலேயே சாஞ்சுட்டாருங்க. காப்பாத்த முடியல."

அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. மறுகணமே அதற்காகக் கூசிப்போனாள்.

"டாக்டர் வீட்டுக்குச் சொல்லியாச்சா?"

"இப்பத்தான் ஆள் போயிருக்கு. அவரு சம்சாரம் டீச்சராம், வகுப்புல இருக்காங்களாம்."

தலைமை ஆசிரியர் கடிகாரத்தைப் பார்த்தார். "அப்ப டாக்டர்னு போடு. நம்மகிட்ட மட்டும்தான் இருக்கு."

"அந்தம்மா ரேடியோவுல கேட்டுத் தெரிஞ்சுக்க வேண்டாம் சார். மூணு மணிக்குப் போடலாம்."

"உன் வேலைக்கு நான் ஜவாப்தாரி இல்ல."

"சரி சார்."

அவர் செய்தி வாசிப்பவரிடம் மழைச் செய்தியை நீட்டினார். அவள் மறுபடி பாடகரின் வீட்டுக்கு அழைத்தாள். மணி முழுதாக அடிக்கும் முன்பே அந்த அம்மாள் எடுத்துவிட்டார். போன் பக்கத்திலேயே நின்றிருக்க வேண்டும்.

"ஐயா நல்லா இருக்காரும்மா. உங்க தம்பிகிட்ட பேசிட்டேன். யாரு என்ன சொன்னாலும் நம்பாதீங்க."

சரியாக ஐந்து நிமிடத்தில், அறை மூலையில் இருந்த ரேடியோவில் போட்டி நிலையம் பாடகரின் மறைவை அறிவித்து, அவர் பாட்டையும் போட்டது. தலைமை ஆசிரியர் எழுந்து போய் அந்த ரேடியோவை அணைத்தார். திரும்பி வந்து, தன் தேநீரை அவள் மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

அவள் மருத்துவரைப் பற்றி எழுத உட்கார்ந்தாள். எத்தனையோ பேரின் நெஞ்சைத் திறந்து பார்த்த மனிதர். அவர் மனைவி இந்நேரம் வகுப்பை விட்டு வெளியே வந்திருப்பார் என்ற நினைப்பில், முதல் வரி வெகுநேரம் அமையவே இல்லை.