தர்ம வண்டியில் ஏறாதவள்

என் தம்பி பெண்டாட்டி சண்முகவள்ளி ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். அந்தப் படிப்பால் எங்கள் வீட்டுக்கு ஒரு பிரயோசனமும் வந்ததில்லை. வந்தது ஒரே ஒரு வம்புதான். அது ஊர் வம்பாகிப்போனது.

ரெண்டாவது எலெக்ஷன் முடிந்த வருஷம் அது. உத்தரகோசமங்கைக்குத் தெற்கே, பஸ் எட்டிப் பார்க்காத ஊர் எங்களுடையது. ஆஸ்பத்திரி என்றால் ராமநாதபுரம்தான். காய்ச்சல்காரன் நடந்துபோய்ச் சேருவதற்குள் ஒன்று காய்ச்சல் விட்டிருக்கும், இல்லை உயிர் விட்டிருக்கும். அப்படிப்பட்ட ஊருக்குத் தங்கசாமி அய்யா ஒரு தர்ம வண்டி விட்டார். ஊரிலேயே பெரிய சம்சாரி, நிறைய நிலபுலன் உள்ளவர். நல்ல மனுஷர்தான், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தத் தர்மம் பிறந்த கதை வேறு. பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் அவர்கள் கோயிலுக்கு வெண்கல மணி வாங்கித் தொங்கவிட்டிருந்தார். அது அடிக்கிறபோதெல்லாம் இங்கே இவருக்கு வயிறு எரியும். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு கூண்டு வண்டி செய்து, தன் தொழுவத்து மாடுகளையே பூட்டி, சீக்காளிகளும் பிள்ளைத்தாச்சிகளும் சும்மாவே ஏறிக்கொள்ளலாம் என்று தமுக்கு அடித்துவிட்டார். மணி அடித்தால் காதுக்குத்தானே கேட்கும், என் வண்டி உயிரையே காப்பாற்றும் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

வண்டிக்குப் பின்னால் ஒரு பலகை. ராமநாதபுரத்துப் பெயிண்டரை வரவழைத்து, மூன்று வேளையும் சோறு போட்டு எழுதவைத்தது. எழுத்து என்னவோ ஜோராகத்தான் இருந்தது. ஊரில் பாதிப் பேருக்குப் படிக்கத் தெரியாது. தெரிந்தவர்களும் "உபயம் தங்கசாமி" என்பதற்குக் கீழே படித்ததில்லை. அதற்குக் கீழே படிக்க வேண்டுமென்று அவரும் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை.

சண்முகவள்ளி விஷயத்துக்கு வருகிறேன். அவளுக்கு முதல் பிள்ளையும் தங்கவில்லை, ரெண்டாவதும் தங்கவில்லை. ரெண்டும் வீட்டுப் பிரசவம். மூன்றாவது வயிற்றில் இருக்கும்போது, அம்மை குத்த வந்த நர்ஸம்மா அவள் வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். பிள்ளை தலைமாறிக் கிடக்கிறது, வலி எடுக்கும் முன்னாலேயே பெரிய ஆஸ்பத்திரியில் கொண்டுவந்து சேர்த்துவிடுங்கள், வீட்டில் வைத்துப் பார்த்தால் தாயும் மிஞ்சமாட்டாள், பிள்ளையும் மிஞ்சாது என்றார். என் தம்பி சோணைமுத்துவிடம் சொல்லியிருக்கலாம்தான். சொல்லியிருந்தால் மயங்கி விழுந்தவனைத் தூக்க நாலு பேர் வேண்டியிருந்திருக்கும்.

என் பேர் சேதுலட்சுமி. அதே ஊரிலேயே வாழ்க்கைப்பட்டவள். நாத்தனார் என்றால் தம்பி பெண்டாட்டியை வறுத்தெடுக்கிறவள் என்று ஊர் நினைக்கும். நான் அவளை வறுத்தெடுக்கவும் செய்வேன், அவளுக்காக ஊரை வறுத்தெடுக்கவும் செய்வேன். அதில் வஞ்சகம் வைத்ததில்லை.

நல்ல நாள் பார்த்து, காலையிலேயே கூத்தையா வண்டியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினான். கூத்தையாதான் தர்ம வண்டியை ஓட்டுகிறவன். அய்யா சொன்னதை ஒரு நூல் கூட்டவும் மாட்டான், குறைக்கவும் மாட்டான். நான் துணிமூட்டையை ஏற்றி, வைக்கோல் மேல் ஜமுக்காளத்தை விரித்துவிட்டுத் திரும்பிப் பார்க்கிறேன், இவள் இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு பலகையை எழுத்துக்கூட்டிக்கொண்டு நிற்கிறாள்.

"ஏத்தா, ஏறு. வெயில் ஏறுது."

"மதினி, இதுல என்ன எழுதியிருக்குன்னு தெரியுமா?"

"தெரிஞ்சு நான் என்ன பரீட்சையா எழுதப்போறேன்? ஏறு."

"'சீக்காளிகளும் பிள்ளைத்தாச்சிகளும் ஆஸ்பத்திரிக்குப் போக'ன்னு எழுதியிருக்கு."

"ஆமா, ஆஸ்பத்திரிக்குத்தானே போ..." என்று சொல்ல வந்து நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"போக. அம்புட்டுத்தான் மதினி. வர்றதைப் பத்தி ஒரு எழுத்து இல்ல. கீழ சாபம் வேற போட்டிருக்கு. 'இந்தத் தர்மத்துக்கு அழிவு செய்பவர்கள் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற தோஷத்தில் போகக்கடவர்.' மேலயும் போக, கீழயும் போக. நான் ஏறமாட்டேன்."

எங்கள் ஊரில் புளி வாங்கக் கடைக்குக் கிளம்பினாலும் "வாரேன்" என்றுதான் கிளம்புவோம். தப்பித்தவறி "போறேன்" என்றவளைக் கையைப் பிடித்து நிறுத்தி, "வாரேன்னு சொல்லுடி" என்று சொல்லவைத்துத்தான் விடுவோம். அந்த ஊரில், அதுவும் சீக்காளியை ஏற்றுகிற வண்டியில், 'போக' என்று மொட்டையாக எழுதிவிட்டு ஏப்பம் விட்டுக்கொண்டு போயிருக்கிறான் அந்தப் பெயிண்டர். தின்ற சோறு அவனுக்குச் செரித்திருக்குமா? சாபத்தை மட்டும் ஒரு எழுத்துப் பிசகாமல் எழுதியிருக்கிறான். எங்கோ ஒரு கோயில் கல்வெட்டை யாரோ படிக்கக் கேட்டு, நம் தர்மத்துக்கும் அது இருக்கட்டும் என்று அய்யா ஆசைப்பட்டுப் போடச் சொன்னதாம்.

கொஞ்ச நேரத்தில் தெருவே கூடிவிட்டது. ஆளுக்கொரு வாய்.

"என்னைப் பெத்த அய்யா இதுல ஏறிப் போனவருதான். திரும்பவே இல்லையே" என்றான் முனியசாமி.

"உங்க அய்யாவுக்கு எண்பது வயசு. அவரு தேர்ல ஏறிப் போயிருந்தாலும் திரும்பியிருக்கமாட்டாரு. நீ சும்மா இரு" என்றேன்.

ராக்கு முன்னால் வந்தாள். "ஏக்கா, நான் காய்ச்சலோட போனேன்ல? வரும்போது கருப்பட்டி லாரியிலதானே தொத்திக்கிட்டு வந்தேன். கூத்தையாவோட ஆத்தா என்ன, நடந்துல்ல வந்தா?"

எல்லாரும் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். பிழைத்து வந்தவர்கள் லாரியில் வந்திருக்கிறார்கள், நடந்து வந்திருக்கிறார்கள், யாரோ வீட்டு உப்பு வண்டியில் வந்திருக்கிறார்கள். தர்ம வண்டியில் போன ஒருவர்கூடத் தர்ம வண்டியில் திரும்பவில்லை.

"ஏலே கூத்தையா, இது என்ன கூத்து?" என்று கேட்டேன்.

"அய்யா கொண்டுபோய் விடத்தான் சொல்லியிருக்காரு. நான் விட்டுட்டு வந்துருவேன்" என்றான் அவன், மாட்டின் கழுத்தைச் சொறிந்துகொண்டே.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பெயிண்டர் ஒரு சொல்லை மறந்துவிட்டான் என்றல்லவா நினைத்தேன்! படுபாவி சரியாகத்தான் எழுதியிருக்கிறான். வண்டியே அப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அய்யா வீட்டுக்கு நடந்தேன். மனுஷர் சாவகாசமாகக் கேப்பைக்கூழ் குடித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, இதில் என்ன தப்பு என்பதுபோல என்னைப் பார்த்தார்.

"குணமானவனுக்கு எதுக்கு ஆத்தா வண்டி? நடந்து வந்தாத்தானே குணமாயிருச்சுன்னு தெரியும்? வண்டியில வந்து இறங்குனா ஆஸ்பத்திரிக்குல்ல கெட்ட பேரு."

"பச்சை உடம்புக்காரி, கையில பிள்ளையை வச்சுக்கிட்டு ராமநாதபுரத்துல இருந்து நடந்து வருவாளா அய்யா?"

அவர் யோசித்தார். அதை அவர் யோசித்ததே இல்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. ஆனால் பெரிய மனுஷருக்கு உடனே ஒத்துக்கொள்ள வாய் வருமா?

"நீ சொல்றது பேச வேண்டிய விஷயம்தான். ஆனா தர்மத்தை நெனச்ச நேரத்துக்கு மாத்தக் கூடாது. அமாவாசை கழியட்டும், கூட்டம் போட்டுப் பேசுவோம்."

"பிள்ளை அமாவாசை பார்த்தா பிறக்கும்?"

"அதுக்கு நான் என்ன செய்ய? வண்டி வாசல்ல நிக்குது. ஏறமாட்டேங்கிறது உன் தம்பி பெண்டாட்டி. தர்மத்து மேல ஒரு தப்பும் இல்ல."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அவர் வீட்டு நாயை ஒரு ஏச்சு ஏசிவிட்டுத் திரும்பினேன்.

வந்து பார்த்தால் சண்முகவள்ளி வண்டிச் சக்கரத்தில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். முகம் வெளுத்துப்போயிருந்தது.

"இடுப்பு லேசாக் கடுக்குது மதினி."

வலி எடுக்கும் முன்னால் என்றல்லவா நர்ஸம்மா சொன்னார்! பயத்தில் எனக்கு ஏச்சுத்தான் வரும். "படிச்ச கழுதை! ரெண்டு எழுத்துக்குப் பயந்து உசிரை விடப்போறியா? எந்திரிடி, ஏறுடி" என்று கத்தினேன்.

அவள் கோபப்படவில்லை. மெதுவாகத்தான் சொன்னாள். "ரெண்டைப் போகவிட்டுட்டேன் மதினி. இதையும், போகன்னு எழுதுன வண்டியில நானே ஏறி எப்படிக் கொண்டுபோவேன்? நீங்களே சொல்லுங்க."

அவள் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். அந்த இரண்டு பிள்ளைகளையும் குளிப்பாட்டித் துணி சுற்றிக் கொடுத்தவள் நான்தான். பதற்றம் வந்தால் என் கை தன்னால் சுருக்குப்பைக்குப் போய்விடும். வெற்றிலையை எடுத்து, சுண்ணாம்பு டப்பியைத் திறந்து, விரலால் வழித்தேன். விரல் நுனியில் அந்த வெள்ளையைப் பார்த்ததும் எனக்குப் புத்தி வந்தது.

"ஏத்தா, படிச்சவதானே நீ? எழுதத் தெரியும்ல?"

"தெரியும்."

"எந்திரி. அந்தப் 'போக'வுக்குப் பக்கத்துல 'வர'ன்னு போடு."

அவள் என்னைப் பார்த்தாள், டப்பியைப் பார்த்தாள். பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து, விரலில் சுண்ணாம்பைத் தொட்டு எழுதினாள். 'வ' பெரிதாக விழுந்தது. 'ர' கொஞ்சம் கீழே இறங்கிவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போக வர. பெயிண்டர் எழுத்தைவிட அதுதான் எனக்கு லட்சணமாகப் பட்டது.

"அய்யோ, அய்யாவோட பலகையில..." என்று கூத்தையா தலைதெறிக்க ஓடினான். ஓடின வேகத்தில் அய்யாவையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். அய்யா கையில் நனைத்த துண்டு. நேரே பலகையிடம் போய்த் துடைக்கக் கையை ஓங்கினார்.

"சண்முகவள்ளி, கீழ் வரியைப் படி. சத்தமாப் படி" என்றேன்.

அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டே படித்தாள். கங்கைக் கரை வந்தது, காராம்பசு வந்தது, தோஷம் வந்தது. அய்யாவின் கை அந்தரத்திலேயே நின்றுவிட்டது. அவர் வீட்டில் ஒரு காராம்பசு உண்டு. அதற்குக் கொடுக்கும் செல்லத்தைத் தன் பிள்ளைகளுக்குக்கூடக் கொடுத்ததில்லை அவர்.

"அது நான் எழுதவச்சதுக்குத்தான் சாபம். சுண்ணாம்புக்கு இல்ல" என்றார்.

"பெயிண்டுல எழுதுனதுக்கு மட்டும்னு போட்டிருக்கா?"

அவர் சண்முகவள்ளி பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்திக் கேட்டார். "போட்டிருக்கா?"

"இல்லைங்க அய்யா."

அப்போதுதான் தெரிந்தது, அவருக்கும் படிக்கத் தெரியாது என்று. தெருவில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அய்யா ஓங்கின துண்டால் தன் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்து இவள் உதட்டைக் கடித்துக்கொண்டு குனிந்தாள்.

"வலிக்குதா உனக்கு?" என்றார் அய்யா.

தலையை ஆட்டினாள்.

"அடக் கூறுகெட்டதுகளா! இதை முதல்ல சொல்றதில்லையா? ஏலே கூத்தையா, பராக்குப் பாக்காம ஓட்றா! பத்திரமாக் கொண்டுபோய் விட்டு, என்னைக்கு அனுப்புறாகளோ அன்னைக்குப் போய்க் கூட்டிட்டு வா!"

கூட்டிட்டு வா. அவர் வாயாலேயே வந்துவிட்டது. சண்முகவள்ளி அதற்குமேல் ஒரு நொடி நிற்கவில்லை, ஏறிவிட்டாள்.

வழியெல்லாம் அவள் முனகினாள், நான் மாட்டை ஏசினேன், மேட்டை ஏசினேன், பள்ளத்தை ஏசினேன். சோணைமுத்து வண்டிக்குப் பின்னால் ஓடிவந்தான். பொழுது சாயும் நேரத்தில் பிள்ளை பிறந்தது. கால்தான் முதலில் வந்ததாம். டாக்டரம்மா வெளியே வந்து பெண்பிள்ளை என்றார். உள்ளே அது அழுகிற சத்தம் கேட்டது. என் தம்பி மயங்கி விழுந்தான். நான் அவனைத் தூக்கக்கூட இல்லை, சுவரில் முகத்தை வைத்து அழுதேன். சந்தோஷம் என்றா சொல்கிறீர்கள்? அத்தனை பயம் எனக்குள் இருந்திருக்கிறது. வாய் கிழியப் பேசி அவளை ஏற்றினேனே தவிர, அந்தச் சுண்ணாம்பு எழுத்தை நானே நம்பவில்லை.

வீட்டுக்கு அனுப்பின அன்று, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலில் வேப்பமரத்தடியில் காத்திருந்தோம். கூத்தையாவுக்குச் சொல்லிவிட்டிருந்தது. வெயில் ஏறியது, ஆளைக் காணோம். "பஸ்ல பாதித் தூரம் போயி நடந்துருவமா அக்கா?" என்றான் சோணைமுத்து. அவனை நான் பார்த்த பார்வையில் எழுந்து தள்ளிப்போய் உட்கார்ந்தான். சண்முகவள்ளி மட்டும் ரோட்டு முனையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் வண்டி வந்தது. புது வைக்கோல் பரப்பி, மேலே அய்யா வீட்டு மெத்தையைப் போட்டுக் கொண்டுவந்திருந்தான் கூத்தையா. அதனால்தான் நேரமாகிவிட்டதாம்.

ஊருக்குள் நுழைந்ததும் வழக்கம்போல அய்யா வீட்டு வாசலில் போய் மாட்டை நிறுத்திவிட்டான். அதுவரைக்கும்தான் அவனுக்கு உத்தரவு. தெருவே கூடி நின்றது. தங்கசாமி அய்யா வண்டிக்குப் பின்னால் வந்து உள்ளே எட்டிப் பார்த்தார். சிரிப்பு வந்ததை மீசைக்குள் மறைத்துக்கொண்டு, முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டார்.

"போன ஆளுகதானே வரணும். போகும்போது இதுல ரெண்டு பேரைத்தானே ஏத்திவிட்டேன். இது யாரு, கூடுதலா ஒரு ஆளு?"

சண்முகவள்ளி அவர் முன்னால் அதுவரை தானாக வாய் திறந்ததில்லை. பிள்ளையின் முகத்தில் கிடந்த துணியை விலக்கிக் காட்டினாள்.

"இவ ஊருக்குப் புதுசுங்க அய்யா. வீடு தெரியாது. அதான் கையோட கூட்டியாந்தேன்."

அய்யா பிள்ளையையே பார்த்துக்கொண்டு நின்றார். மீசை ஆடியது, ஆனால் அது சிரிப்பில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "ஏலே கூத்தையா, என் பின்னாலயே ஓட்டிட்டு வா" என்று சொல்லிவிட்டு, மாடுகளுக்கு முன்னால் எங்கள் வீட்டைப் பார்த்து நடந்தார்.