எல்லாரும் இறங்கிட்டாங்க

மரம் ஏறுகிற வேகத்தைப் பார்த்து இருபது வருடங்களுக்கு முன் யாரோ அவனுக்கு அணில் என்று பெயர் வைத்தார்கள். இப்போது வயது நாற்பத்தாறு. தொப்பை விழுந்துவிட்டது, முட்டி தேய்ந்துவிட்டது. மரம் ஏறுவதே இல்லை. லாரியின் இரும்புக் கை நுனியில் இருக்கும் கூடையில் நின்றுகொண்டுதான் மின்கம்பிக்குப் பக்கத்துக் கிளைகளை வெட்டுகிறான். பெயர் மட்டும் விட்டபாடில்லை.

அன்று சாயங்காலம் புயல் கரையைத் தொடும் என்று சொல்லியிருந்தார்கள். அதற்கு முன் வெட்ட வேண்டிய மரங்களின் பட்டியலை மேற்பார்வையாளர் மேடம் காலையில் வாசித்தாள். கடைசியாக வந்தது அக்கா வீட்டுத் தெரு. வீட்டுக்கு எதிரே நிற்கும் தூங்குமூஞ்சி மரம்.

"மேடம், அந்தத் தெருவுக்கு மட்டும் வேற ஆளைப் போட முடியுமா?"

"வேற ஆள் எங்கண்ணே இருக்கு? மரத்துல காய்ச்சா தொங்குது? ஆஸ்பத்திரிக்குப் போற லைன் அது. ஒரு கிளை ஒடிஞ்சு விழுந்தாலும் ராத்திரி பூரா இருட்டுதான். ஏன், என்ன விஷயம்?"

"ஒண்ணுமில்ல" என்று லாரியில் ஏறிக்கொண்டான்.

ஒன்றுமில்லாமல் இல்லை. ஆறு வருடங்களாக அவன் அந்தத் தெருப்பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. அக்காவின் கணவர், அவனுடைய அத்தான், அவனோடு ஒன்றாக வேலை பார்த்தவர். இந்த வேலைக்கு அவனைக் கூட்டி வந்தவரே அவர்தான். ஒரு மரத்தின் மேல் இருந்தபோது கம்பியில் மின்சாரம் வந்துவிட்டது. உயிர் தப்பியது. வலது கை முழங்கைக்குக் கீழே போய்விட்டது. அதன் பிறகு மாடி அறையை விட்டு அவர் கீழே இறங்குவது அபூர்வம். ஆஸ்பத்திரியில் பார்த்ததோடு சரி, அணில் வீட்டுக்கு வரவில்லை. அக்கா போன் செய்தால் வேலை என்பான். பிறகு அக்காவும் போன் செய்வதை விட்டுவிட்டாள்.

மத்தியானம் ஒரு மணிக்கு லைனில் மின்சாரத்தை நிறுத்தினார்கள். சப்ஸ்டேஷன் ஆபரேட்டர் எழுதிக் கொடுத்த அனுமதிச் சீட்டு மேடத்தின் கையில் இருந்தது. அந்தச் சீட்டு திரும்பிப் போய், ஆட்கள் எல்லாரும் இறங்கிவிட்டார்கள் என்று அவள் வாயால் சொன்னால்தான் மறுபடி மின்சாரம் விட வேண்டும். தப்பி மின்சாரம் வந்தாலும் மண்ணுக்குள் இறங்கிவிடும்படி, மரத்துக்கு இரண்டு பக்கமும் கம்பியில் எர்த் ராடு மாட்டினார்கள். அணில் கூடையில் மேலே போனான்.

மாடி ஜன்னல் சாத்தியிருந்தது. கூடை நேராக அதன் உயரத்துக்குப் போய் நின்றது. நடுவில் பத்தடி இடைவெளி இருக்கும். அவன் ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மெஷின் ரம்பத்தை இழுத்து முடுக்கினான். சீக்கிரம் முடித்துவிட்டுக் கிளம்பிவிட வேண்டும் என்பதைத் தவிர மனசில் வேறு நினைப்பில்லை. ஐந்து கிளைகள் சொன்னபடி கேட்டன. ஆறாவது கிளைதான் பெரியது, கம்பிக்கு மேலே குடை மாதிரி கவிந்திருந்தது. அதைக் கயிறு கட்டி, துண்டு துண்டாக நறுக்கி இறக்கியிருக்க வேண்டும். அவன் அவசரப்பட்டு மேலிருந்து ஒரே வெட்டாகப் போட்டான். காற்று அந்த நேரம் பார்த்து ஒரு தள்ளு தள்ளியது. பாதி வெட்டுப்பட்ட கிளை திருகிக்கொண்டு சரிந்து, லாரியின் இரும்புக் கையினுடைய மடக்கின்மேல் உட்கார்ந்தது. எண்ணெய்க் குழாய் வெடித்து எண்ணெய் பீச்சியடித்தது. ரம்பம் வெட்டுக்குள் கடிபட்டு அங்கேயே மாட்டிக்கொண்டது.

பிறகு எதுவும் அசையவில்லை. கூடையும்தான்.

கீழே டிரைவர் எல்லா விசையையும் தட்டிப் பார்த்தார். "கைப்பம்பு அடிச்சு இறக்கலாம் அணிலு. ஆனா அந்தக் கிளை மேல உக்காந்திருக்கற வரைக்கும் நகராது."

ஏணி கொண்டுவந்தார்கள், இரண்டு ஆள் உயரம் குறைந்தது. தீயணைப்பு வண்டியைக் கூப்பிட்டார்கள். எல்லா வண்டியும் வெளியே போயிருக்கிறது, இரண்டு மணி நேரமாவது ஆகும் என்றார்கள். கிளை இன்னும் ஒரு பட்டைத் தோலிலும் கொஞ்சம் கட்டையிலும் தொங்கிக்கொண்டிருந்தது. அவன் கால் மாற்றி நின்றால்கூட அது முனகியது. ஒரு கை எட்டும் தூரத்தில் மூன்று கம்பிகள். செத்த கம்பிதான். ஆனாலும் அவன் கண் அவற்றை விட்டு நகரவில்லை. இரண்டு பேர் நெருக்கி நின்றால் நிரம்பிவிடுகிற அந்தக் கூடைக்குள் அவன் முதுகைச் சுருக்கிக்கொண்டு நின்றான். காற்று ஏறிக்கொண்டே இருந்தது.

அப்போது ஜன்னல் திறந்தது.

"என்ன மாப்ளே, ஆறு வருஷம் கழிச்சு வர்றே. வாசல் வழியா வரக் கூடாதா?"

அத்தானுக்கு முடி முழுக்க நரைத்திருந்தது. பனியனின் தோள்பட்டைக்குக் கீழே அந்தக் குறைக்கை தெரிந்தது. திரும்பிக்கொள்ளலாம் என்றால் திரும்ப இடமில்லை. திரும்பினாலும் இறங்கிப்போக வழியில்லை.

"மாட்டிக்கிட்டேன் அத்தான்."

"தெரியுது. நீ வந்ததுலேர்ந்து பாத்துட்டுதான் இருக்கேன், ஜன்னல் இடுக்குல. ஏண்டா, இவ்வளவு பெரிய கிளைய மேலேர்ந்து வெட்டறே? நான் சொல்லிக் குடுத்த லட்சணமா இது?" என்று சிரித்தார். உள்ளே திரும்பி, "ஏ, இங்க வா. உன் தம்பி மரத்துல தொங்கறான் பாரு" என்றார்.

அக்கா வந்து நின்றாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கீழே மேடத்தின் போன் நிற்காமல் அடித்தது. அவள் பேசுவது மேலே கேட்டது. "ஆஸ்பத்திரி ஜெனரேட்டர்ல ஓடுதுன்னு எனக்கும் தெரியும் சார்... இல்ல சார். ஆள் மேல இருக்காரு... எவ்வளவு நேரம்னு என்னால சொல்ல முடியாது. நான் சீட்டைத் திருப்பித் தர மாட்டேன்."

போனை வைத்தாள். மறுபடி அடித்தது. அணில் அதையே கேட்டுக்கொண்டிருந்தான். ஒரு வார்த்தை. அந்தப் பெண் சலித்துப்போய், யாருக்கோ பயந்து, ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். எர்த் ராடு இருக்கிறது என்று அறிவு சொன்னது. ஆனாலும் இரண்டு ராடும் மாட்டியபடியே இருக்கின்றனவா என்று கண்ணாலேயே தேடினான்.

அத்தான் அவன் முகத்தைப் பார்த்தார். "பயப்படாத. கீழ இருக்கற பொண்ணு கெட்டி. தர மாட்டா. அன்னைக்கு நமக்கு வாய்ச்ச அந்த ஆபரேட்டர் நாய் மாதிரி இல்ல. ஆள் இறங்கியாச்சான்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தான்னா என் கை இன்னைக்கு என்கிட்ட இருக்கும்."

அணில் கூடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

"கேட்டாரு அத்தான்."

"என்ன?"

"அவரு கேட்டாரு. நான்தான் எல்லாரும் இறங்கிட்டாங்கன்னு சொன்னேன்."

காற்றில் அவர் காதில் விழவில்லையோ என்று நினைத்தான். விழுந்திருந்தது.

"நீங்க கீழ வந்து தண்ணி குடிச்சிட்டு இருந்தீங்க. ராடு ரெண்டையும் கழட்டியாச்சு. அந்தப் பக்கம் ஒரு கிளை உரசுதுன்னு நீங்க மறுபடி ஏறினது எனக்குத் தெரியாது. அப்பல்லாம் சீட்டு கிடையாது, போன்ல சொல்றதுதான். நான் மரத்துக்கு இந்தப் பக்கம் நின்னு போன் பேசினேன். சுத்தி வந்து பாக்கல. பத்தடி நடந்திருந்தா போதும், நடக்கல. விசாரணைல கேட்டப்போ, நான் ஒண்ணும் சொல்லலே, அவராவே லைனை விட்டுட்டாருன்னு சொன்னேன். என்னைத்தான் நம்பினாங்க."

அக்காவின் கை வாயிலிருந்து இறங்கியது. அத்தான் இடது கையால் ஜன்னலின் ஒரு கதவைச் சாத்தினார். அடுத்த கதவையும் சாத்தினார். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

முதல் தூறல் வந்தது. அவன் நின்றான். அழுதானா என்றால், அதற்கும் அங்கே இடமில்லாத மாதிரி இருந்தது. கீழே மேடம் யாரிடமோ, "நீங்க என் மேல எழுதிக்குங்க சார்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கிளை இன்னொரு முறை முனகி ஒரு விரற்கடை இறங்கியது. கூடை அதோடு சாய்ந்தது. இடுப்புப் பட்டை அவனை இறுக்கிப் பிடித்தது. இனி எவ்வளவு நேரம் என்று அவன் கணக்குப் போடவில்லை. ஜன்னலைப் பார்க்கவும் இல்லை.

பத்து நிமிடம் இருக்கும், பதினைந்தும் இருக்கலாம். ஜன்னல் படாரென்று திறந்தது. அத்தான் லாரியில் இருந்த நீளக்கழி ரம்பத்தை நீட்டிக்கொண்டிருந்தார். அக்கா கீழே போய் டிரைவரிடம் வாங்கி, மாடிப்படியில் இழுத்து வந்திருக்கிறாள். கழியின் அடியைக் குறைக்கையின் அக்குளில் இடுக்கி, இடது கையால் தாங்கி, அவர் தள்ளினார். பின்னால் அக்கா அவர் இடுப்பைப் பிடித்திருந்தாள். கழி நுனி இரண்டு முறை கூடையில் இடித்து விலகியது. மூன்றாவது முறை அணில் எட்டிப் பிடித்தான்.

அத்தான் முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. குரல் மட்டும் பழைய வேலைக் குரல்.

"மேல வைக்காத. அடிப்பக்கம் முதல்ல. ரெண்டு விரல் ஆழம்."

அறுத்தான்.

"போதும். இப்ப மேல. ஒரு ஜாண் தள்ளி. மெதுவா. கிளை போனதும் கூடை எம்பும். ரம்பத்தை விட்டுட்டுக் கூடையக் கட்டிப் பிடி. கீழ ஆள் யாரும் நிக்க வேணாம்னு சொல்லு."

டிரைவரும் மேடமும் விலகினார்கள். ரம்பம் கட்டைக்குள் இறங்க இறங்க அவன் தோள் எரிந்தது. மழைத் தண்ணீர் கண்ணில் வழிந்தது. திடீரென்று பட்டை கிழிகிற சத்தம். கிளை போனது. அக்கா வீட்டு வெயில் தடுப்புத் தகரத்தைப் பிய்த்துக்கொண்டு ரோட்டில் விழுந்தது. கூடை அவனைத் தூக்கி ஆட்டியது, நின்றது. டிரைவர் ஓடிவந்து கைப்பம்பை அடிக்க ஆரம்பித்தார். சாண் சாணாக அவன் கீழே வந்தான்.

மேடம் ஒவ்வொருவர் தோளையும் தொட்டு எண்ணினாள். மரத்தைச் சுற்றி ஒருமுறை நடந்து, மேலே பார்த்து, பிறகு மறுபடி எண்ணினாள். ராடுகளைக் கழற்றச் சொன்னாள். அதற்குப் பிறகுதான் சீட்டைச் சப்ஸ்டேஷனுக்குக் கொடுத்தனுப்பிவிட்டுப் போனை எடுத்தாள். தெருவில் விளக்கு எரிந்தபோது மணி மூன்றே முக்கால்.

அணில் அக்கா வீட்டுப் படி ஏறினான். மாடி அறை வாசலில் அத்தான் நின்றார்.

"உள்ள வராத. அங்கயே நில்லு."

நின்றான்.

"அந்த ஆபரேட்டருக்கு வேலை போச்சு, தெரியுமா?"

"தெரியும் அத்தான்."

"நான் அவன் வீட்டு வாசல்ல போய் நின்னு, அவன் பொண்டாட்டி பிள்ளைங்க முன்னாடி வாய்க்கு வந்ததெல்லாம் பேசினேன். அவன் ஒரு வார்த்தை பதில் பேசல. அது தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சும் சும்மா இருந்தே." அவர் மூச்சு வாங்கினார். "என் கையக்கூட விடு. கவனக்குறைவு எனக்கும்தான், உன்கிட்ட சொல்லாம ஏறினேன். ஆனா அந்த ஆள் என்னடா பண்ணினான்?"



அக்கா சுவரில் சாய்ந்திருந்தாள். "இவருகிட்ட உனக்காகத்தான் ஆறு வருஷம் சண்டை போட்டேன்" என்றாள். "தம்பிக்குப் பாசம் ஜாஸ்தி, உங்களை இந்தக் கோலத்துல பாக்க மனசு வரல, அதான் வரலேன்னு சொல்லிச் சொல்லி... நல்லா நம்பினேன் போ."

அவள் உள்ளே போய் ஒரு கோடு போட்ட நோட்டையும் பேனாவையும் எடுத்து வந்து, அவன் கையில் கொடுக்காமல் படிக்கட்டில் வைத்தாள்.

"எழுது. நடந்தது நடந்தபடி" என்றார் அத்தான். "எழுதிட்டு அப்புறம் இந்த வீட்டுக்கு வர்றதா வேண்டாமான்னு பாத்துக்கலாம். இப்ப என்கிட்ட கேக்காத, எனக்கே தெரியல." கதவு சாத்திக்கொண்டது.

அவன் மூன்றாவது படியில் உட்கார்ந்து எழுதினான். வெளியே புயல் மழை பிடித்துக்கொண்டது. சட்டையிலிருந்து சொட்டிய ஈரத்தில் முதல் தாளைக் கிழித்துப்போட வேண்டி வந்தது. இரண்டாவதில் தேதி, இடம், தான் சொன்ன வார்த்தை, விசாரணையில் சொன்ன பொய், ஆபரேட்டருடைய பெயர் எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

லாரிக்குள் மேடம் அதை இரண்டு முறை படித்தாள். கண்ணாடியில் மழை அறைந்துகொண்டிருந்தது. மூடிய வண்டிக்குள் மூவர் மூச்சும் புழுங்கியது.

"இதை நான் வாங்கிட்டேன்னா திருப்பித் தர முடியாதுண்ணே. மேல அனுப்பியே ஆகணும். உங்க வேலை போகும். அதோட முடியுமான்னும் தெரியல."

"அனுப்புங்க மேடம்."

அவள் தாளை மடித்துப் பைலுக்குள் வைத்தாள். போன் அடித்தது. இரண்டு தெரு தள்ளி ஒரு மரம் கம்பிமேல் சாய்ந்துவிட்டதாம். பேசி முடித்துவிட்டு டிரைவரை வண்டியை எடுக்கச் சொன்னாள். "கூடை ஓடாது, பின்னால வர்ற பசங்க மரம் ஏறிப்பாங்க. இனிமே நீங்க மேல ஏற வேணாம். இன்னைக்கு மட்டும் கீழ நின்னு கயிறு பிடிங்க. நாளைலேர்ந்து வர வேணாம், நானே கூப்பிடுவேன்" என்றாள் அவனிடம்.

அவன் தலையை ஆட்டினான். வண்டி கிளம்பியது. அவர்கள் இருவருக்கும் நடுவில், நகர இடமில்லாமல், கயிற்றுச் சுருளை மடியில் வைத்துக்கொண்டு அவன் உட்கார்ந்திருந்தான்.