சீதாப்பழத்துக்கு ஒரு ஓட்டு

1

ஸ்வெட்டரின் ஜிப் அறுந்ததால் எனக்குக் கிடைத்த கதை இது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் சமூக அக்கறை பொங்கி மலையேறினேன் என்று நினைத்துக்கொள்வீர்கள். சேலத்து வெயில் தாங்காமல் ஏற்காட்டுக்கு ஓடியவன் நான். மாதக்கணக்கில் ஒரு வரிகூட எழுத வராமல் அலைந்துகொண்டிருந்த காலம் அது. மஞ்சக்குட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது ஜிப் கையோடு வந்துவிட்டது. எதிரே ஒரு தையல் கடை. உள்ளே ஆன்மேரி.

மேசைமேல் ஒரு பிஸ்கட் அட்டைப்பெட்டி இருந்தது. அதன்மேல் பெரிய கோட்டுப் பொத்தான்களை வரிசையாகத் தைத்து, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு பழத்தின் படத்தை ஒட்டியிருந்தார்.

"இது என்னங்க?"

"ஓட்டு மெசினுங்க. அமுக்கிப் பாருங்க."

சீதாப்பழத்தை அமுக்கினேன். ஆன்மேரி வாயாலேயே "பீ...ப்" என்று நீளமாக ஒலியெழுப்பினார். "உங்க ஓட்டு வுழுந்துருச்சுங்க" என்று சொல்லிவிட்டு என் ஜிப்பைக் கையில் எடுத்தார்.

அந்த பீப்புக்கு நான் இன்றும் நன்றியோடு இருக்கிறேன். அன்று இரவே எழுத வந்துவிட்டது.

2

வந்தது என்னவோ வந்தது. ஆனால் எப்படி வந்தது என்று பாருங்கள்.

'அதிகாலைப் பனியில், மக்களின் உரிமைக்காகத் தன் வாழ்வையே அர்ப்பணித்த அந்தப் பெண்மணி...'

(அடித்துவிட்டேன். ஆன்மேரி எட்டு மணிக்கு முன்னால் எழுந்திருக்க மாட்டார்.)

'ஜனநாயகத்தின் கிழிசலை ஊசி நூலால்...'

(இதை முடிக்கவே இல்லை. எனக்கே கூச்சமாக இருந்தது.)

சரி, நேராகவே சொல்கிறேன். ஒவ்வொரு தேர்தலுக்கு முன்பும் ஆன்மேரி அந்த அட்டைப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஷேர் ஜீப்பில் ஊர் ஊராகப் போவார். கண் தெரியாதவர்கள், கை நடுங்குகிறவர்கள், முதல் ஓட்டுப் போடப் பயப்படுகிறவர்கள் என்று எல்லோரையும் அமுக்கிப் பார்க்கச் சொல்வார். கட்சிச் சின்னமாக இருக்கும் பழங்களை மட்டும் பெட்டியில் சேர்க்க மாட்டார். கண் தெரியாதவர் துணைக்கு ஆள் இல்லாமல் ஓட்டுப் போடக் கூடாது என்று மலையில் பலர் நம்பிக்கொண்டிருந்தார்கள். வேண்டுமென்றால் துணை வைத்துக்கொள்ளலாம், வேண்டாமென்றால் தனியாகவே போடலாம்* என்று சொல்லிச் சொல்லியே ஆன்மேரிக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும்.

(*அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: நிஜ இயந்திரத்தில் பொத்தானுக்குப் பக்கத்தில் பிரெய்ல் எண்கள் இருக்கும். பிரெய்ல் தெரியாதவர்கள் மேலிருந்து விரலால் எண்ணிக்கொண்டே வரலாம்.)

இந்தப் பகுதியை அவரிடம் படித்துக் காட்டினேன்.

"என்னைய நொம்ப நல்லவளா எழுதிப்போடாதீங்க. அப்பறம் சாக்கெட்டு லேட்டானா ஒருத்தரும் திட்ட மாட்டாங்க. எனக்கே ஒரு மாதிரி ஆயிரும்" என்றார்.

3

கதைக்குள் பொன்னாயி வர வேண்டிய நேரம் இது. செம்மநத்தத்துக்காரர். முப்பது வயதுக்குமேல் ஒரு காய்ச்சலில் பார்வை போய்விட்டது. அதன்பிறகு வந்த எல்லாத் தேர்தலிலும் கணவர் மாதையன்தான் துணையாக உள்ளே போய் அவருடைய ஓட்டையும் அமுக்கினார்.

"நான் சொல்றதுக்குத்தான் அமுக்குவாரு. 'போட்டாச்சு புள்ள'ம்பாரு. நானும் செரிம்பேன்" என்றார் பொன்னாயி. "ஆனா மனசுல இருக்கறத ஒருத்தர்கிட்டச் சொல்லித்தான போட வேண்டியிருக்குது? சாகறதுக்குள்ள ஒருக்காவாச்சும் யாருகிட்டயும் சொல்லாமப் போடோணுங்க."

முதல் வரைவில் மாதையனுக்கு முறுக்கு மீசை வைத்தேன். அதட்டுகிற குரலும் கொடுத்தேன். வில்லன் இல்லாமல் கதை நகராது என்று யாரோ சொல்லிக்கொடுத்த பழக்கம். பிறகு ஆன்மேரியோடு நானும் அவர்கள் வீட்டுக்குப் போனேன். மழுமழுவென்று சிரைத்த முகத்தோடு ஒரு மனிதர் வாசலில் காயப்போட்ட காப்பிக்கொட்டையைத் துழாவிக்கொண்டிருந்தார்.

ஆன்மேரி பெட்டியைப் பொன்னாயியின் மடியில் வைத்தார். பொன்னாயி மேலிருந்து விரலால் தடவி எண்ணி, ஒன்றை அமுக்கினார். பீ...ப்.

"எந்தப் பழத்துக்குப் புள்ள போட்டே?" என்றார் மாதையன்.

"அதைய எப்புடிங்க சொல்றது?"

மாதையன் சிரித்தார். சாப்பிடும்போது மறுபடி கேட்டார். கை கழுவும்போது கேட்டபோது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

"இத்தன வருசம் நான் என்ன துரோகமா பண்ணிப்போட்டேன்?"

"உங்க மேல சந்தேகமெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. எனக்கும் ஒரு வெரலு இருக்குதுங்கல்ல."

மாதையன் எழுந்து தோட்டத்துப் பக்கம் போய்விட்டார். நாங்கள் கிளம்பும்வரை திரும்பி வரவில்லை. பஸ்ஸில் வரும்போதே மீசையை எடுத்துவிட்டேன். அந்த மனிதருக்கு மனசு வலித்திருந்தது, அவ்வளவுதான். ஆனால் தேர்தல் அன்று அவர் என்ன செய்வார் என்பது மட்டும் எனக்குத் தெரியவில்லை.

பின்னொரு நாள் ஆன்மேரி தனியாகப் போய், வேட்பாளர் பெயர்களை வரிசைப்படி பொன்னாயிக்குப் படித்துக் காட்டினார். பஸ் கண்டக்டர் ஊர்ப்பெயர் சொல்கிற குரலில் படித்தாராம். தனக்கு யாரைப் பிடிக்கும் என்பது குரலில் தெரிந்துவிடக் கூடாதாம்.

4

தேர்தல் நாள். நான் சேலத்தில் ஓட்டுப் போட்டுவிட்டு மலையேறினேன். ஆன்மேரி மஞ்சக்குட்டையில் போட்டுவிட்டு வந்தார். பொன்னாயியின் வாக்குச்சாவடியில் எங்கள் இருவருக்கும் ஓட்டு இல்லை. அதனால் நூறு மீட்டர் தள்ளிப் போட்டிருந்த சுண்ணாம்புக் கோட்டுக்கு வெளியே ஒரு சில்வர் ஓக் மரத்தடியில் நின்றோம். பொன்னாயியும் மாதையனும் உள்ளே போனார்கள். ஆன்மேரி முந்தானை நுனியைக் கடித்துக்கொண்டே இருந்தார்.

(இனி வருவதை நான் பார்க்கவில்லை. வரிசையில் நின்றவர்கள் சொன்னது.)

"துணைக்கு ஆள் இல்லாம முடியாதும்மா" என்றார் அதிகாரி. கெட்டவர் இல்லை. அப்படியே பார்த்துப் பழகியவர்.

"தொண வேணும்னா வெச்சுக்கலாங்க சார். எனக்கு வேண்டாமுங்க."

அதிகாரி பொன்னாயியை விட்டுவிட்டு மாதையனைப் பார்த்தார். "என்னங்க சொல்றாங்க இவங்க? நீங்களே வந்து போட்டுருங்களேன்."

(இங்கே பேனாவை வைத்துவிட்டு எழுந்து நடந்தேன். மீசையைத் திரும்ப ஒட்டிவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது.)

மாதையன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"என்னையக் கேக்காதீங்க சார். ஓட்டு அவளுது."

அதிகாரி கையேட்டைப் புரட்டினார். படித்தார். பிறகு எழுந்து வந்து, இயந்திரம் இருக்கும் மேசைவரை பொன்னாயிக்கு வழிகாட்டிவிட்டு, தன் இடத்துக்குத் திரும்பி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த முகம் தெரியாத அதிகாரிக்கும் இங்கே ஒரு நன்றி.

மேசையைச் சுற்றி அட்டை மறைப்பு. இத்தனை வருடம் எழுதுகிறவனாக இருந்து, யார் வீட்டுக்குள்ளும் கதவு தட்டாமல் நுழைந்திருக்கிறேன். யார் கனவுக்குள்ளும் செருப்போடு போயிருக்கிறேன். அந்த அட்டை மறைப்பின் முன்னால் எனக்குக் கால் வரவில்லை. உள்ளே விரல் எண்ணிக்கொண்டிருந்தது.

பீ...ப்.

5

முடிவு என்று மூன்று எழுதிப் பார்த்தேன். ஒன்றில் பொன்னாயி அழுதார். அடித்தேன். இன்னொன்றில் மாதையன் ஒரு சிறு சொற்பொழிவு ஆற்றினார். அதைக் கிழித்தே போட்டேன். மூன்றாவது, நடந்தது.

"ஊட்டுக்கு வந்து காப்பி குடிச்சுட்டுத்தான் போகோணும்" என்று இருவரும் எங்களையும் ஷேர் ஜீப்பில் ஏற்றிக்கொண்டார்கள். இரண்டாவது வளைவில் மாதையன் மெல்லக் கேட்டார்: "எந்தப் பழத்துக்குப் புள்ள?"

"சீதாப்பழத்துக்குங்க."

ஜீப்பே சிரித்தது. மாதையன்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் பொன்னாயி அவர் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டு, "அந்த ஆப்பீசருகிட்ட நீங்க சொன்னீங்கள்ல, அது எனக்கு நொம்ப நல்லாருந்துச்சுங்க" என்றார். வீடு வரும்வரை மாதையன் கையை எடுக்கவில்லை.

எழுதியதை ஆன்மேரியிடம் படித்துக் காட்டினேன். அட்டை மறைப்பு வந்த இடத்தில் தையல் மிஷினை நிறுத்தினார்.

"கதைல உள்ள போயிட்டீங்களா?"

"இல்லைங்க. வெளியவே நின்னுட்டேன்."

"நன்றிங்க" என்றார். நான் அவருக்குச் சொல்ல வைத்திருந்த சொல் அது. அவர் முந்திக்கொண்டார்.

என் வரைவில் ஒரு வாக்கியம் மட்டும் பாதியில் நிற்கிறது. 'பொன்னாயி அன்று அமுக்கியது...' அதற்குப் பிறகு கொஞ்சம் இடம் விட்டிருக்கிறேன். நீங்களே நிதானமாக எழுதி நிரப்பிக்கொள்ளுங்கள். எழுதியதை யாரிடமும் சொல்ல வேண்டாம், என்னிடமும்.