நெற்றியில் அகிலாண்டம்

1

இந்தக் கதை குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும்போது எனக்குக் கிடைத்தது. அடுப்பு என்னுடையது, கதை விஜயராணியுடையது. எங்கள் தாராவிச் சாலில், அந்த வரிசை வீடுகளில், இரண்டு வீடு தள்ளி இருக்கிறவள். இத்தாலிக்குக் கூட்டம் கூட்டிப்போகிற ஒரு டூர் கம்பெனியில் சமையலுக்கு உதவியாள். ரோமாபுரிக்குப் போனாலும் நம் ஆட்களுக்கு ரசம் வேண்டும் அல்லவா, அதனால் டூர் பஸ்ஸுக்குப் பின்னாலேயே ஒரு சமையல் வண்டியும் போகும். ஊர் ஊராக அவள் பார்த்தது ஹோட்டல்களின் பின்வாசலைத்தான். இதையும் பார்த்துவிட்டாள்.

"யாருட்டயும் சொல்லிராதீங்க பெரியம்மா" என்றாள். அதனால் மற்றவர்கள் பெயரை மாற்றியிருக்கிறேன். ("எம்பேரு கிடக்கட்டும்" என்று அவளே சொன்னாள்.) பயந்த மனசுக்காரர்கள் யாராவது இருந்தால் என் பக்கத்தில் வந்து உட்காருங்கள், தாயி. இது நல்ல கதை இல்லை.

2

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: "வெனிஸ் நகரத்து வாய்க்கால்களில் பொன்வெயில் தவழ்ந்து"

நிறுத்திவிட்டேன். எனக்குத் தெரிந்த வாய்க்கால் தாராவிச் சாக்கடை கலக்கிற மித்தி நதிதான். அதில் என்ன தவழும் என்று உங்களுக்கும் தெரியும்.

அடுத்தது: "மாட்டுங்கா வேங்கடசுப்ரமணியன் மனைவி அகிலாண்டத்தோடு இத்தாலிக்குப் புறப்பட்டார்."

இதில் பொய்யில்லை. இருக்கட்டும். அகிலாண்டம் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் இருந்தாள்.

3

அகிலாண்டம் மாமி தன் சமையலறை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒரு காலண்டர் படம் ஒட்டியிருந்தாள். அமால்ஃபி என்கிற கடற்கரை ஊர். மலைச்சரிவில் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி நிற்கிற வீடுகள், கீழே நீலக் கடல். (விஜயராணி: "நம்ம தாராவியேதான். பெயின்ட் அடிச்சிக் கடலோரமா வச்சிருக்கான்.") பருப்பு டப்பா எடுக்கும்போதெல்லாம், "ஏன்னா, ஒரு தடவை போய்ப் பாத்துட்டு வந்துடலாமே" என்பாள். "அடுத்த வருஷம்" என்பார் மாமா. அப்படி ஒரு அடுத்த வருஷத்தில் மாமி போய்ச் சேர்ந்துவிட்டாள்.

அஸ்தியில் பாதியை நாசிக்கில் கரைத்தார். மீதியை அமால்ஃபிக் கடலில் கரைக்க, கண் பெரிய டீ வடிகட்டியில் சலித்து டப்பாவில் போட்டுக்கொண்டார். ஏர்போர்ட்டில் பையைத் திறந்த பெண், "யே க்யா ஹை?" என்று இந்தியில் கேட்டாள், இது என்ன என்று. பின்னால் டூர் கூட்டம் முழுக்க நிற்கிறது. அஸ்தி என்று சொன்னால் அதோடு எவர் ஒரே பஸ்ஸில் ஏறுவார்? தீட்டு.

"விபூதி" என்றார் மாமா.

4

வெனிஸில் ஹரிதாவின் பாஸ்போர்ட் காணாமல் போனது. செம்பூர்ப் பெண், பேங்க் வேலை. அழுது மூக்கு சிவந்து வந்து நின்றாள்.

"அங்கிள், உங்ககிட்ட விபூதி இருக்கில்ல? கொஞ்சம் வெச்சு விடுங்களேன்."

எல்லோர் காதிலும் விழச் சொன்னவர் இப்போது எப்படி இல்லை என்பார்? வைத்துவிட்டார். சாயங்காலமே ஒரு படகுக்காரன் பாஸ்போர்ட்டைக் கொண்டுவந்து கொடுத்தான்.

மறுநாளிலிருந்து பஸ் கிளம்புமுன் வரிசை நின்றது.* பீசாவில், சாய்ந்த கோபுரத்தடியில் ஒருவருக்கு முட்டிவலி குறைந்தது. பிளாரன்ஸில் ஒரு மாமி நாக்கிலும் கொஞ்சம் போட்டுக்கொண்டாள்.

"என்ன மாமா, நறநறங்கறதே?"

"பழைய ஸ்டாக்" என்றார் மாமா.

(இந்த இடத்தை அடித்துவிட்டு மறுபடி எழுதினேன். விஜயராணி சத்தியம் செய்கிறாள்.)

* கேட்பீர்கள்: அவரவரிடம் விபூதி இல்லையா? இருந்தது. பாஸ்போர்ட்டை மீட்டுக் கொடுத்த விபூதி இது ஒன்றுதானே. வேறு சாம்பல் கலந்திருக்கலாமே? சமையல் வண்டியில் கேஸ் அடுப்பு, சாம்பல் ஏது கண்ணுகளா.

5

ரோமில் ஒரு காலை, சமையல் வண்டிக்குப் பின்னால் மாமா தட்டில் சாம்பலைப் பரப்பி எதையோ பொறுக்கிக்கொண்டிருந்தார். வெள்ளையாக, அரிசிக் குருணை மாதிரி. விஜயராணி குனிந்து பார்த்தாள்.

"சார், இது விபூதி இல்லல்லா?"

"அகிலாண்டம்" என்றார் மாமா.

அவள் ஓர் அடி பின்வாங்கினாள். "உள்ளதச் சொல்லிருங்க சார். பாவம் சார்."

"சொன்னா என்னை எறக்கி விட்டுடுவா. அப்பறம் இவ எப்படிம்மா அமால்ஃபி போறது?"

"இப்படியே குடுத்தா அங்க போறதுக்குள்ள தீந்துருமே."

"துளித் துளியாதான் வெக்கறேன்."

இங்கே எனக்கு இந்த மனுஷன்மேல் ஒரு சந்தேகம். பயம் மட்டும்தானா? கொலோசியத்தின் முன்னால் எல்லோரும் அண்ணாந்து இடிந்த வளைவுகளைப் பார்க்க, மாமா மட்டும் அவர்கள் நெற்றிகளையே பார்த்துக்கொண்டு நின்றாராம். அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று வீட்டிலேயே வைத்திருந்த பெண்டாட்டி, ஊரார் நெற்றியில் ஏறி ரோமாபுரியைப் பார்க்கிறாள். அது அவருக்குப் பிடித்துப்போயிருந்தால்?

ரூமுக்குத் திரும்பியதும் எல்லோரும் முகம் கழுவினார்கள். நாசிக்கில் மந்திரத்தோடு கரைந்தவள் இங்கே சோப்பு நுரையோடு போனாள். அதையும் நான் எழுதித்தான் ஆகவேண்டும்.

6

அமால்ஃபிக்குக் கிளம்பிய காலை, மாமா டப்பாவின் மூலையை விரலால் வழித்துக் கடைசி ஆளுக்கு வைத்தார். காலி. இனி மாமி அந்த நெற்றிகளில்தான் இருக்கிறாள்.

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

"இந்தக் கடல்ல முகம் அலம்பினா புண்ணியம்" என்று மாமா சொல்ல, எல்லோரும் அலம்புகிறார்கள். அழகாகத்தான் இருக்கிறது. நடக்காது. காலையில் இட்ட விபூதியை யாராவது நடுப்பகலில் அழிப்பார்களா? நெற்றியைப் பாழாக விடுவார்களா?

இன்னொன்று: காலி டப்பாவை அலையில் அலசிக்கொண்டு பேசாமல் ஊர் திரும்புகிறார்.

இன்னொன்று: மாமா செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத் தண்ணீருக்குள்

வேண்டாம் தாயி. உங்களை வைத்துக்கொண்டு இதை முடிக்க மாட்டேன்.

நடந்தது என்ன என்று கேட்டால் விஜயராணிக்கும் தெரியாது. மேலே ரோட்டில் குக்கர் கழுவிக்கொண்டிருந்தாள். "திரும்பி வரையில சாப்பாடு குடுக்க பஸ்ல ஏறுனேன், ஒரு சத்தம் இல்ல பெரியம்மா. சில பேரு நெத்தியில இருந்துச்சி. சில பேரு நெத்தியில இல்ல." இவ்வளவுதான் சொன்னாள். ஆகவே மாமா சொல்லிவிட்டார் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

அதற்குமேல் என்னால் முடியாது. நீங்கள்தான் போகவேண்டும். அந்தக் கரையில் நில்லுங்கள். கூழாங்கல், வெயில், பின்னால் அந்த வீடுகள். மாமா காலி டப்பாவைக் காட்டிச் சொல்லி முடித்துவிட்டார். யாரோ ஒரு மாமி குமட்டுகிறாள். ஹரிதா அழுகிறாள். அவர் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

உங்கள் கை நெற்றிக்குப் போகிறது.

அங்கிருந்து கடலுக்கா, கைக்குட்டைக்கா?