தேவைப்படாத ஆக்சிஜன்

பெருந்துறையிலிருந்து பீளமேட்டு விமான நிலையம் வந்து சேரும்வரை, ராசாத்தாள் பின் சீட்டில் ஆக்சிஜன் சிலிண்டரைச் சாயவிடாமல் பிடித்துக்கொண்டே வந்தாள். அதிலிருந்து போன குழாய் அவள் புருசன் செங்கோடனின் மூக்கில் இருந்தது. முப்பது வருசம் ஜின்னிங் பேக்டரி நடத்திய மனுசர். பஞ்சுத் தூசி நெஞ்சில் இறங்கி, இரண்டு வருசமாகக் குழாய் இல்லாமல் பத்தடி நடக்க முடியாது. மகன் கவின் காரை ஓட்டினான்.

மகள் புவனா பம்பாயில் இருந்தாள். இவர்கள் தோட்டங்காட்டில் கூலிக்கு வந்துகொண்டிருந்த மாசாணத்தின் மகன் எழில். என்ஜினீயருக்குப் படித்தவன். தொண்ணூறாம் வருசம் புவனா அவனைக் கட்டிக்கொண்டு போனபோது செங்கோடன் அவளைத் தலைமுழுகிவிட்டார். ஆறு வருசம் கழித்து அவளுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்திருப்பதாகக் கடிதம் வந்தது. ராசாத்தாள் மூன்று நாள் சோறு தொடாமல் கிடந்தாள். நாலாம் நாள், "சரி, எந்திரி, போலாம்" என்றார் செங்கோடன்.

ஒன்றரை நாள் ரயில் அவர் உடம்பு தாங்காது, விமானத்தில் போங்கள், ஆனால் வழி நெடுக ஆக்சிஜன் வேண்டும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். சொந்த சிலிண்டரை விமானத்துக்குள் விடமாட்டார்கள். விமானக் கம்பெனிக்காரர்களே தருவார்கள், முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். அதற்காக எழில் பம்பாய் ஆபீசுக்கு நாலு நடை நடந்தான். டிக்கெட்டும் அவன்தான் எடுத்து அனுப்பினான்.

கவுண்டரில் இருந்த பெண் தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"ஐயாவுக்கு ஆக்சிஜன் ஏற்பாடு இல்லைங்களே."

"இருக்கோணுமே அம்மணி. எங்க மாப்பிள்ளை நேர்லயே போயிச் சொல்லியிருக்காருங்க." மாப்பிள்ளை என்ற சொல் தன் வாயில் வந்தது அதுதான் முதல் தடவை என்பது ராசாத்தாளுக்கு அப்புறம்தான் உறைத்தது.

"பதிவு பண்ணியிருந்தாங்கம்மா. செவ்வாய்க்கிழமை, தேவைப்படாதுன்னு உங்ககிட்ட இருந்தே லெட்டர் வந்திருக்கு. இனிமே சிலிண்டருக்குச் சொன்னா மூணு நாளாகும். இல்லாம ஏத்திக்க எங்களுக்கு அனுமதி இல்லைங்க."

ராசாத்தாள் கவினைத் திரும்பிப் பார்த்தாள். ஆறு வருசமாகத் தங்கச்சியின் பேரைக்கூடச் சொல்லாதவன்.

"நீ செஞ்ச வேலையா?"

"நானில்லீம்மா."

அந்தப் பெண் உள்ளே போய்க் கடிதத்தை எடுத்துவந்து காட்டினாள். ராசாத்தாள் அதைப் படிக்கவில்லை. அடியிலிருந்த கையெழுத்தே போதும். கடைசி எழுத்தின் வாலை நீளமாக இழுத்து அதன் கீழ் ஒரு கோடு. அந்த வீட்டில் வேறு யாரும் அப்படிப் போட்டதில்லை.

சக்கர நாற்காலியில் இருந்த செங்கோடன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, வரலீன்னா ஊட்டுலயே சொல்லியிருக்கலாமுங்களே."

"சொன்னா நீ உட்டிருப்பியா?" ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கியது அவருக்கு. "கம்பெனிக்காரனே ஏத்தமாட்டேன்னுட்டா யாரு மேலயும் குத்தமில்ல. அவன் ஊட்டுல நான் எப்புடிக் கை நனைக்கறது? அவன் சொல்லிவெச்ச காத்த எப்புடி இழுக்கறது?"

கவின் நாற்காலியைத் திருப்பினான். "வாங்கம்மா, போலாம்."

ராசாத்தாள் நகரவில்லை. கவுண்டர்ப் பெண்ணிடம் கேட்டாள்: "எம் பேருல இருக்கற சீட்டு அப்படியேதான இருக்குது அம்மணி?"

"இருக்குங்கம்மா."

"தனியாவா போவ?" என்றார் செங்கோடன். "உனக்கு இந்தி ஒரு வார்த்தை வராது."

"வராதுங்க." அவள் பெட்டியை எடுத்துக்கொண்டாள். "கவினு, சிலிண்டர்ல முள்ளு பாதிக்குக் கீழ போயிருச்சு. எங்கயும் நிக்காம அப்பாவ ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போயிரு."

பம்பாயில் எழில் ஒரு சக்கர நாற்காலியைப் பிடித்தபடி நின்றிருந்தான். டாக்சியில் வாடகைக்கு எடுத்த சிலிண்டர் ஒன்று இருந்தது. அவன் அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான்.

"மாமா எங்கீங்க அத்தை?"

"ஆக்சிஜன் இல்லீன்னு ஏத்தமாட்டேன்னுட்டாங்க மாப்பிள்ளை."

வாய் கூசாமல் வந்தது. செங்கோடன் என்ன சொல்லவைக்க நினைத்தாரோ அதையே, அவர் கேட்காமலே சொல்லியாகிவிட்டது.

செம்பூரில் அவர்கள் வீட்டுக்குப் போனதும் புவனா விமானக் கம்பெனியைத் திட்டித் திட்டி அழுதாள். எழில் தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"சும்மா உடக் கூடாதுங்க அத்தை. நாலு தடவை போயிச் சொன்னேன். கவுண்டர்ல இருந்தவங்க பேரு ஞாபகமிருக்குங்களா?"

தண்ணீர் கொடுத்து, விமானப் படி வரைக்கும் கையைப் பிடித்துக் கூட்டிவந்த பெண்ணின் முகம் ராசாத்தாளுக்கு நினைவில் வந்தது.

"எழுதாதீங்க மாப்பிள்ளை. அந்தப் புள்ள மேல தப்பில்லீங்க." அவள் அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "வேண்டாம்னு உங்க மாமாதான் எழுதிக் குடுத்துட்டாருங்க."

எழில் பேனாவை மூடினான். பிறகு, "வாடகை சிலிண்டரைத் திருப்பிக் குடுத்துட்டு வாரேனுங்க" என்று சொல்லி, சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனான்.

புவனா முகத்தைத் துடைத்துக்கொண்டு குழந்தையைக் கொண்டுவந்து அம்மாவின் மடியில் விட்டாள்.

"அப்பா உடம்பு எப்படீங்கம்மா இருக்குது?" என்று மட்டும் கேட்டாள்.

"இருக்காரு" என்றாள் ராசாத்தாள்.