செவ்வாய்க்கிழமை அனுமதி

தீயணைப்பு வண்டியின் குழாயிலிருந்து மழை கொட்டிக்கொண்டிருந்தது. அதில் நனைந்தபடி கூலிக்கு வந்த பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். புயலில் சிக்கிய மீனவர்களைப் பற்றிப் படம் எடுக்க கானா தலைநகர் அக்ராவிலிருந்து வந்திருந்த டைரக்டர் டேலா மைக்கில் கத்தினான்: "இன்னும் சத்தமா அம்மா! உங்க புருஷன் செத்துட்டான்!"

மான்சா மட்டும் அழவில்லை. போன வாரம் முழுக்க அந்தக் கூட்டத்தில் முதல் குரல் அவளுடையதுதான். இன்று அவள் கண்கள் கேமராவைத் தாண்டிக் கடலைத் துழாவின. நேற்று மதியம் நிஜமாகவே புயல் அடித்துவிட்டது. விடியலில் போன படகுகளில் ஒன்று மட்டும் கரை சேரவில்லை. அவள் கணவன் ஃபீஃபி அதில் போயிருந்தான்.

"என்னடி, தொண்டை அடைச்சுக்கிச்சா?" என்றாள் பக்கத்திலிருந்த எசி. "உனக்குத்தான் இன்னைக்கு நடிக்காமலே வருமே." சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தாள்.

மான்சா ஈரத் துணியோடு நடந்தாள். ஊர்ப் படகுகள் எல்லாம் மணலில் ஏறிக் கிடந்தன. செவ்வாய்க்கிழமை. கடல் ஓய்வெடுக்கும் நாள். அந்தக் கரையில் யாரும் அன்று துடுப்பைத் தொடமாட்டார்கள். மீனவர் தலைவர் நானா எஜிர் பெரியவர்களோடு கொட்டகையில் உட்கார்ந்திருந்தார்.

"நானா, படகுகள அனுப்புங்க."

"இன்னைக்கு என்ன கிழமை?"

"தெரியாமலா வந்தேன்? தேடத்தானே போகணும். மீன் பிடிக்கவா கேக்கறேன்?"

"கடல்லேருந்து மீனை எடுத்தா என்ன, ஆளை எடுத்தா என்ன? கடல்சாமி தூங்கற நாள்ல அவர் வீட்டுக்குள்ள கை விடக் கூடாது. நாளைக்கு விடியட்டும்."

"அப்ப சினிமாக்காரன் படகு மட்டும் ரெண்டு செவ்வாயா கடல்ல நிக்குதே?"

"அவங்க ஆடு வெட்டினாங்க. ஊத்த வேண்டியதை ஊத்தினாங்க. கடல்லேருந்து ஒரு சிப்பியைக்கூடத் தொடமாட்டோம்னு வாக்குக் குடுத்தாங்க."

"சாகற மாதிரி நடிக்கறவனுக்குக் கதவு திறந்திருக்கு. சாகறவனுக்குப் பூட்டு. ரொம்ப நல்லாயிருக்கு நானா உங்க நியாயம்."

ஒரு கிழவர் தடியை ஓங்கிக்கொண்டு எழுந்தார். நானா கையமர்த்தினார். "அந்தப் படகுல என் மகன் குவாமினாவும் இருக்கான் பொண்ணே. மறந்துட்டியா?"

அவள் மறக்கவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிந்தது. பெற்ற பிள்ளைக்கே அசையாத மனுஷன் யாருக்கு அசைவான்?

நேரே டேலாவிடம் போனாள். "சார், உங்க படகு வேணும்."

அவன் விஷயத்தைக் கேட்டான். முகம் வாடியது. பிறகு, அவள் கண்ணைப் பார்க்காமல் சொன்னான்: "கேமரா இல்லாம போனா எங்க அனுமதி செல்லாதும்மா. கேமராவை ஏத்திட்டுப் போனா..."

"ஏத்துங்க. என் மூஞ்சியை எடுத்துக்குங்க. முதல்ல மோட்டாரைப் போடச் சொல்லுங்க."

சுக்கான் பிடிக்கும் எக்கோ உள்ளூர்க்காரன். ஏறும்போதே சொல்லிவிட்டான்: "தங்கச்சி, உயிரோட இருந்தா ஏத்திக்குவேன். அதுக்கு என்ன தண்டனையோ நான் வாங்கிக்கறேன். பிணமா இருந்தா நாளைக்குத்தான்."

"வாயைக் கழுவுங்கண்ணே."

கரை மெலிந்து கோடானது. கேமராக்காரன் வாந்தி எடுத்து எடுத்து ஓய்ந்து, கேமராவைக் காலடியில் போட்டுவிட்டு விளிம்பைப் பிடித்துக்கொண்டான். வெகுநேரம் தண்ணீரைத் தவிர ஒன்றுமில்லை. அப்புறம் ஒரு படகு கவிழ்ந்து, வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தது. எக்கோ கூப்பிட்டான். துடுப்பால் அதன் அடிப்பலகையைத் தட்டினான். பதில் இல்லை. பக்கத்தில் வலைச்சுருளுக்குள் மஞ்சள் பந்தாட்டச் சட்டை தெரிந்தது. முகம் கீழ்நோக்கிக் கிடந்தது. முகம் எதற்கு? அந்தச் சட்டையின் தோள் கிழிசலைத் தைத்தது அவள்.

அவள் குனிந்து அவன் கையைப் பிடித்து இழுத்தாள். எக்கோ அவள் தோளைப் பிடித்தான். "வேண்டாம் தங்கச்சி. நாளைக்கு."

"நாளைக்கு வரைக்கும் இங்கயே இருப்பானா? நீரோட்டம் என்ன உங்க மாமனா, காத்துக்கிட்டு நிக்க?"

அவள் எக்கோவின் இடுப்புக் கத்தியை உருவி வலையை அறுத்தாள். இடுப்பில் சுற்றியிருந்த இரண்டாவது துணியை அவிழ்த்து, ஒரு முனையை ஃபீஃபியின் மணிக்கட்டில் கட்டினாள். மறுமுனையைப் படகின் பின்கட்டையில் முடிந்தாள். "நான் ஒண்ணும் ஏத்தல. அவன் பின்னால வரான். அவ்வளவுதான்."

எக்கோ வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். "நான் எதையும் பாக்கல."

இழுத்துக்கொண்டே வந்தார்கள். கரையில் நிற்பவர்களின் துணி நிறம் தெரியும் தூரத்தில் அலைகள் உடையும் இடம் தொடங்கியது. அங்கே ஒரே அலையின் முதுகில் ஏறி, அம்பாகப் பாய்ந்தால்தான் கரை. புயல் ஓய்ந்தும் அலை ஓய்ந்திருக்கவில்லை. முதல் அலை தூக்கியபோதே பின்னால் இருந்த பாரம் படகை வெட்டி இழுத்தது. படகு குறுக்கே திரும்பியது. தண்ணீர் உள்ளே சாடியது.

"அவுத்து விடு!" எக்கோ அலறினான். "அடுத்த அலைல எல்லாரும் போயிடுவோம்!"

"நீங்க அவுத்து விடுங்க!"

"சுக்கானை விட்டா செத்தோம்! நீதானே கட்டினே, நீயே அவுத்து விடு!"

கத்தி தண்ணீரோடு போயிருந்தது. கேமராக்காரன் பலகையைக் கட்டிக்கொண்டு அவளைப் பார்த்தான். வாய் ஓயாமல் அம்மாவைக் கூப்பிட்டது. மான்சா முடிச்சில் கை வைத்தாள். ஊறி இறுகியிருந்தது. விரலுக்கு வரவில்லை. பல்லால் கடித்து இழுத்தாள். உப்பும் நூலும் வாய்க்குள் வந்தன. முடிச்சு விட்டது. படகு நிமிர்ந்து அலைமேல் ஏறியது. அவள் திரும்பிப் பார்த்தபோது வெறும் நுரைதான் இருந்தது.

கரையில் நானா எஜிர் ஈரமணலின் விளிம்பில், தண்ணீரில் கால் படாமல் நின்றிருந்தார். அவருக்கென்று வழியெல்லாம் அவள் வசவுகளைச் சேர்த்து வைத்திருந்தாள்.

"குவாமினா?" என்றார்.

"பாக்கல நானா."

அவர் தலையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார். "நாளைக்கு நானே முன்னால போறேன்" என்றார். அவளுக்கு ஒரு வசவும் வாயில் வரவில்லை.

புதன்கிழமை விடிந்ததும் எல்லாப் படகுகளும் போயின. கடல் துடைத்து வைத்ததுபோல இருந்ததாம். கவிழ்ந்த படகுகூடக் கிடைக்கவில்லை. பொழுது சாயத் திரும்பியவர்களில் சிலரின் வலையில் மீன் இருந்தது. வந்ததை எதற்கு விடுவது? அதில் ஒரு கூடையை எசி தூக்கிவந்து மான்சாவின் வாசலில் வைத்துவிட்டுப் போனாள். மான்சா அடுப்பை மூட்டி, மீன்களைக் கம்பிவலையில் வரிசையாக அடுக்கி, கெடாமலிருக்கப் புகை போட்டாள்.