வேம்புக்குள் இரும்பு

நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் பாதிக் கஷ்டம் குறைந்திருக்கும். மீதிப் பாதிக்குக் காரணம், இரும்பு இருக்கிறதா என்று பார்க்கிற காந்தத்தை வீட்டிலேயே விட்டு வந்தது.

காற்றில் சாய்ந்த தெருமுனை வேம்பை, வேலு வீட்டுக் கதவுக்குப் பலகையாக அறுக்க வந்திருந்தேன். ஜீப்புக்குப் பின்னால் கட்டி இழுத்து வருகிற அறுவை மெஷின் என்னுடையது. அடிமரத்தை ஏற்றி, தடவிக்கூடப் பார்க்காமல் ஓட்டினேன். நடுவில் 'கிறீச்' என்று ஒரு சத்தம், பொறி பறந்தது. பேசாமல் நிறுத்தியிருக்கலாம். தெருவே கூடி நிற்பதைப் பார்த்ததும் நாக்கு அரித்தது.

"மஞ்சத்துணி கட்டிக் கும்புட்ட மரமாச்சே! அம்மன் மேல ஆணி அடிச்ச புண்ணியவான் யாருப்பா? கண்ணு ரெண்டும் போயிடும்!"

யாரும் சிரிக்கவில்லை.

அடுத்த பலகை அலை அலையாக வந்தது. பிளேடு தளர்ந்திருக்கும் என்று முறுக்கினேன். அதைத் தாங்குகிற உருளையை நகர்த்தி வைத்தேன். பிசின் ஒட்டியிருக்கும் என்று தண்ணீரைக் கூடுதலாகத் திறந்துவிட்டேன். என் தப்பைத் தவிர எல்லாவற்றையும் சோதித்த பிறகுதான் பிளேடின் பல்லைத் தொட்டுப் பார்த்தேன். ஒரு பக்கம் மழுங்கிப்போய், கூர் மிச்சமிருந்த பக்கமாகவே பிளேடு சாய்ந்து ஓடியிருந்தது.

கைவசம் இன்னும் ஒரே ஒரு பிளேடு. அதுவும் போனால் நாளைக்குக் கலசப்பாக்கத்து மாமரங்களை வேறு ஆள் அறுப்பான். அங்கே ஏற்கெனவே தேதி மாற்றிக் கெட்ட பேர் வாங்கியவன் நான்.

மரத்தின் அறுத்த முகத்தில் கருநீலக் கறை. இரும்பு உள்ளே போய் வெகுகாலம். பட்டை வளர்ந்து மூடிவிட்டது.

"வேற எங்கல்லாம் கீது வேலு?"

"எனக்கு இன்னாண்ணா தெரியும்? காலைல தறியில உக்காந்தா சாயங்காலம்தான் ஏந்துக்கறேன்."

எதிர்வீட்டு ஹேமநாத்தைக் கேட்டேன். "எங்க பக்கம் இல்லண்ணா. அந்தாண்ட கேளு."

அந்தாண்ட நின்றவருக்குத் திடீரென்று போன் வந்தது. போன் அடிக்கவே இல்லை.

வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. இடுப்பு தனியே கழன்று வந்துவிடும் போலிருந்தது. மரத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"கண்ணு போவும்னது சும்மாப்பா. போவறதா இருந்தா, பாக்காம அறுத்த எனக்குத்தான் மொதல்ல போவணும். எங்க கீதுன்னு மட்டும் சொல்லுங்க. பேஜாரா கீது."

வேலுவின் மனைவி சுபலட்சுமி தண்ணீர்ச் சொம்பை என் கையில் திணித்தாள்.

"ஆணி இல்லண்ணா, கொக்கி. மூணு. அடிச்சது நான்தான். இதோ நிக்கறாங்களே, இவங்கல்லாம் அதுல கயிறு கட்டினவங்க. ஒண்ண நீங்க அறுத்துட்டீங்க. இன்னொண்ணு உங்க முட்டிக்கு நேர் கீழ கீது, மூணாவது கவட்டைகிட்ட. தறிக்குப் போற பட்டு நூலப் பாவா தெருவுல நீட்டி இழுத்துக் கட்டணும்னா கொக்கி வேணும். அம்மனா வந்து புடிச்சிகினு நிக்கும்?"